காட்டு நெல்லியை காட்டுலயே அடையாளம் கண்டுபிடிக்கிறது எப்படி? நம்ம வடசென்னை ஆளுங்க கேக்குற கேள்விகளும் பதில்களும்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர், திருவொற்றியூர்னு நம்ம பக்கத்து பசங்க லீவு நாளானா சூளூர்பேட்டை ட்ரெயின்ல ஏறி தடாவுல இறங்கிடுறாங்க, இல்லன்னா பைக்க எடுத்துக்கிட்டு ஜிஎன்டி ரோட்ல செங்குன்றம் தாண்டி மலைப்பக்கம் போயிடுறாங்க. போயிட்டு வந்து போன்ல ஒரு போட்டோவ காட்டி "இது நெல்லி தானே?"ன்னு கேக்குறாங்க. பாதிக்கு மேல நெல்லி இல்ல, வேற ஏதோ ஒண்ணு. காடு மேல ஆசையா போறவங்க கேக்குற கேள்வி இதெல்லாம், அதனால ஒண்ணொண்ணுக்கும் தெரிஞ்ச வரைக்கும் விளக்கமாவே எழுதியிருக்கேன்.

காட்டு நெல்லின்னா எது? மார்க்கெட்ல இருக்குற பெருநெல்லியா, ஸ்கூல் வாசல்ல விக்கிற அரைநெல்லியா?

பெருநெல்லி தான். மார்க்கெட்ல பெருசு பெருசா பளபளன்னு வர்ற நெல்லிக்காயும், மலையில தானா வளர்ற சின்னக் காயும் ஒரே இனம், ஃபில்லாந்தஸ் எம்ப்ளிகா. மார்க்கெட்டுக்கு வர்றது ஒட்டு கட்டி வளர்த்த ரகம், பவானிசாகர்ல இருந்து வந்த பிஎஸ்ஆர் 1, உத்தரப்பிரதேசத்து என்ஏ 7, காஞ்சன், கிருஷ்ணா மாதிரி. மலையில இருக்குறது யாரும் நடாதது, கொட்டையில இருந்து தானா முளைச்சது, காய் சின்னது, நார் ஜாஸ்தி, துவர்ப்பு நாக்கையே இழுக்கும்.

அரைநெல்லி வேற இனம். அது வீட்டுத் தோட்டத்துல, காம்பவுண்டு ஓரத்துல நட்டு வளர்க்குற மரம், நம்ம மலைக்காட்டு மரம் இல்ல. அதோட காய் வெளிர் மஞ்சளா, கொஞ்சம் தட்டையா, முண்டு முண்டா வரி போட்டு இருக்கும், இலையே இல்லாத கிளையில, சில சமயம் அடிமரத்துலயே, கொத்துக் கொத்தா தொங்கும். இலையும் பெருசு, முனை கூரா இருக்கும். இந்த ரெண்டையும் ஒரு தடவ பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்துட்டா அப்புறம் குழப்பமே வராது.

நான் பாத்தது இடுப்பு உயரத்துக்கு புதர் மாதிரி தான் இருந்துச்சு. நெல்லி மரம் தானே, செடியா இருக்குமா?

இருக்கும். நல்ல மண்ணுல, யாரும் வெட்டாம விட்டா பத்து மீட்டருக்கு மேல கூட போகுற மரம் தான் அது. ஆனா பாறைச் சரிவுல, மண்ணு ஒரு சாண் கூட இல்லாத இடத்துல, கோடையில காட்டுத்தீ வந்து வந்து போற இடத்துல அது குட்டையாவே நிக்கும். தீயில மேல கருகினாலும் அடியில இருந்து திரும்ப துளிர்க்கும், வெட்டினாலும் அப்படித்தான், அதனால ஒரே அடியில இருந்து நாலஞ்சு தண்டு கிளம்பி பாக்க புதர் மாதிரியே ஆகிடும். உயரத்தை வச்சு நெல்லி இல்லன்னு தள்ளிடாதீங்க. புதரா இருந்தா அடியில குனிஞ்சு பாருங்க, பழைய வெட்டு வாயோ கருகின கட்டையோ இருக்கும்.

இலைய பாத்தே சொல்லிட முடியாதா?

இந்த இடத்துல தான் நிறைய பேர் தடுமாறுறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். தூரத்துல இருந்து பாத்தா நெல்லி இலை புளிய இலை மாதிரியே தெரியும், ஒரு ஈர்க்குல ரெண்டு பக்கமும் குட்டிக் குட்டியா வரிசையா அடுக்கி வச்ச மாதிரி. போட்டோவுல ரெண்டையும் வச்சா அனுபவம் இருக்குறவங்களே ஒரு நிமிஷம் யோசிப்பாங்க.

ஆனா புளியில அந்த மொத்த ஈர்க்கும் சேர்ந்தது தான் ஒரு இலை, அதுல இருக்குற குட்டி குட்டி எல்லாம் ஒரே இலையோட துண்டுகள். நெல்லியில அப்படி இல்ல, ஒவ்வொரு குட்டியும் தனித்தனி முழு இலை, அதைத் தாங்கி நிக்கிறது ஒரு சின்ன இணுக்கு, அதாவது மெல்லிய கிளை. இது எப்படி தெரியும்னு கேட்டீங்கன்னா, பூவும் காயும் எங்க இருந்து வருதுன்னு பாக்கணும். ஒவ்வொரு குட்டி இலையும் இணுக்கோட சேர்ற மூலையில பொடிப் பொடியா பச்சை கலந்த மஞ்சள் பூவோ, மிளகு சைஸ் பிஞ்சோ ஒட்டிக்கிட்டு இருந்தா அது நெல்லி சாதி. புளியில குட்டி இலை மூலையில பூ வரவே வராது, தனிக் கொத்தா தான் வரும்.

இன்னொண்ணு, புளியில குட்டி இலைங்க நேருக்கு நேரா ஜோடி ஜோடியா நிக்கும். நெல்லியில மாறி மாறி நிக்கும், ஆனா ரொம்ப நெருக்கமா இருக்குறதால ஜோடி மாதிரி ஏமாத்தும், கிட்ட வச்சு ஒவ்வொண்ணா பாருங்க. இலை ஒண்ணு ஒண்ணும் 1 முதல் 2 செ.மீ. நீளம், அகலம் அரை செ.மீ. கூட தாண்டாது, காம்பு இருக்கா இல்லையான்னே தெரியாத அளவுக்கு குட்டையா இருக்கும். இணுக்கு ஒரு சாண் நீளம் வரைக்கும் போகும், தடவிப் பாத்தா இளசா இருக்குற இணுக்குல மெல்லிசா ரோமம் இருக்கும்.

ஔவைக்கு அதியமான் குடுத்த நெல்லி ஞாபகம் இருக்குல்ல? புறநானூறு 91ஆம் பாட்டுல அந்த நெல்லிய சின்ன இலை உள்ளதுன்னும், பெரிய மலையோட பிளவுல, ஏற முடியாத உச்சியில இருந்து எடுத்ததுன்னும் சொல்லியிருக்கு. இலை, இடம் ரெண்டுமே இன்னிக்கும் அப்படியே பொருந்துது, அத நெனச்சா எனக்கு ஒவ்வொரு தடவையும் சந்தோஷமா இருக்கும்.

புளிய விடுங்க, உசில், வன்னி, சீமைக்கருவேலம் எல்லாம் கூட அப்படித்தானே இருக்கு?

இத பிரிக்கிறது சுலபம். உசில் மரத்துல ஈர்க்குக்குள்ள இன்னொரு ஈர்க்கு பிரிஞ்சு அதுல தான் இலை இருக்கும், இறகு மாதிரி, அதுவும் ரொம்ப பொடி. காய் தட்டையான நெத்து. வன்னியும் சீமைக்கருவேலமும் முள்ளு இருக்குற சாதி. நெல்லியில எந்த வயசுலயும் முள்ளு கிடையாது, முள்ளு குத்திச்சுன்னா அத்தோட விட்டுட்டு அடுத்த மரத்துக்கு போங்க. குண்டுமணிக் கொடி நெல்லி மரத்து மேலயே ஏறி படர்ந்து இருக்குறதும் உண்டு, அதோட இலையும் ஜோடி ஜோடியா சின்னதா தான் இருக்கும், அதனால பாக்குற இணுக்கு மரத்தோட சொந்த கிளையில இருந்து வருதா, கொடியில இருந்து வருதான்னு கையால பின்னாடி தடவிக்கிட்டே போய் பாருங்க. குண்டுமணி விதை கடும் விஷம், பிள்ளைங்க கூட வந்தா இதை சொல்லி வைங்க.

காயும் இல்ல, பூவும் இல்ல, இலையும் கொட்டிப் போச்சு. அப்ப எப்படி?

பட்டையப் பாருங்க. சாம்பல் நிறம், அதுல கொஞ்சம் பச்சை ஓடும், மெல்லிசா செதில் செதிலா உரியும், உரிஞ்ச இடத்துல உள்ள நிறம் வேற மாதிரி திட்டுத் திட்டா தெரியும். வயசான மரத்துல இது நல்லா தெரியும், இளசுல அவ்வளவா தெரியாது.

அடுத்து தரையப் பாருங்க. நெல்லி இலைய மட்டும் உதிர்க்காது, அந்த இணுக்கையே மொத்தமா உதிர்க்கும். மரத்தடியில விளக்கமாத்துக் குச்சி மாதிரி மெல்லிசு மெல்லிசா ஈர்க்கு குவிஞ்சு கெடக்கும். கிளையில அந்த இணுக்கு இருந்த இடத்துல குட்டிக் குட்டி முண்டு நிக்கும், அடுத்த வருஷ இணுக்கு அதே முண்டுல இருந்து தான் வரும்.

கிளை நுனிக்கு கொஞ்சம் கீழ வீங்கின மாதிரி ஒரு முடிச்சு இருக்கான்னும் பாருங்க. ஒரு சின்ன அந்துப்பூச்சியோட புழு உள்ள புகுந்து கிளையை அப்படி வீங்க வைக்கும், நெல்லி விவசாயிங்களுக்கு அது பெரிய தொல்லை, ஆனா காட்டுல அடையாளம் தேடுறவங்களுக்கு ஒரு நல்ல துப்பு. எல்லா மரத்துலயும் இருக்கும்னு சொல்லல, இருந்தா கூடுதல் சாட்சி.

அப்புறம் கொட்டை. போன சீசன்ல விழுந்த கொட்டை மரத்தடியில எங்கயாவது கெடக்கும், கிளறிப் பாருங்க.

காய் இருந்தா உறுதி தானே?

ஆமா, ஆனா காய முழுசா பாக்கணும். நெல்லிக்காய் உருண்டை, மேலயும் கீழயும் கொஞ்சம் அமுங்கின மாதிரி, மேல இருந்து கீழ வரைக்கும் ஆறு கோடு மங்கலா ஓடும். வெளிர் பச்சையில இருந்து மஞ்சள் கலந்த பச்சையா மாறும், வெயில் பட்ட பக்கம் லேசா செம்மை கூட ஏறும். காம்பு கிட்டத்தட்ட இல்லாத மாதிரி இணுக்கோட ஒட்டி உக்காந்திருக்கும். ஊறுகாய்க்கு வேக வச்சா சுளை சுளையா பிரியுமே, அந்த பிரிவு தான் வெளிய கோடா தெரியுது.

உள்ள ஒரே கொட்டை, கல்லு மாதிரி, அதுலயும் ஆறு விளிம்பு. நல்லா காஞ்சா மூணு பாகமா வெடிக்கும், ஒவ்வொரு பாகத்துலயும் ரெண்டு ரெண்டு விதை. உருண்டையா பச்சையா காட்டுல எத்தனையோ காய் இருக்கு, ஆனா இந்த ஆறு கோடு, ஒரே கொட்டை, இலை மூலையில இருந்து நேரா காய்க்கிறது, இந்த மூணும் சேர்ந்து வேற எதுலயும் நம்ம பக்கத்து காட்டுல நான் பாத்ததில்ல.

எங்க போய் தேடணும்? எண்ணூர், மணலி, காட்டுப்பள்ளி பக்கம் கிடைக்குமா?

கிடைக்காது. நம்ம ஏரியா கடலோர மணல், உப்பங்கழி, சதுப்பு நிலம், அங்க தானா வளர்ற நெல்லிய தேடுறது வீண். ஊருக்குள்ள நீங்க பாக்குற நெல்லி எல்லாம் யாரோ வீட்டுலயோ கோயில்லயோ நட்டது. ஆனா அதையும் சும்மா விடாதீங்க, முதல்ல அந்த மரத்துல தான் கண்ணைப் பழக்கணும், வருஷம் பூரா அந்த ஒரே மரத்தை மாசம் ஒரு தடவ நின்னு பாத்தா இலை கொட்டுறது, துளிர் விடுறது, பூ, பிஞ்சு, காய் எல்லாம் மனசுல பதிஞ்சிடும், அப்புறம் காட்டுல எந்த மாசம் போனாலும் தடுமாற மாட்டீங்க.

காட்டு நெல்லி இலையுதிர் காட்டு மரம். கிழக்குத் தொடர்ச்சி மலையோட சரிவு, வெயில் நல்லா விழுற திறந்த இடம், தண்ணி நிக்காத கல்லு மண்ணு, புல்லு நடுவுல அங்கங்க மரம் நிக்கிற மாதிரி இடம். நமக்கு வடக்க நாகலாபுரம் மலை, தடா உப்பலமடுகு பக்கத்து மலை, அதுக்கும் மேல திருப்பதி சேஷாசலம் இந்த வகைக் காடு. தமிழ்நாட்டுப் பக்கம்னா ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லி மலை. சுமார் 1,500 மீட்டர் உயரம் வரைக்கும் வளரும், அதுக்கு மேல குளிர் காட்டுல பாக்குறது அரிது.

கூட நிக்கிற மரத்தையும் பாருங்க. கடுக்காய், தான்றி இருக்குற காடா? அப்ப நெல்லியும் பக்கத்துலயே இருக்க நல்ல வாய்ப்பு, திரிபலா மூணும் ஒரே மாதிரி காட்டைத் தான் விரும்பும். அதுக்கு மாறா, பூண்டி ஏரி பக்கம் குடியம் குகைக்குப் போற வழியில இருக்குற மாதிரி புதர்க்காடுன்னா களா, காரை, சூரை, பூலா தான் கண்ணுல அதிகமா படும்.

ஓடையோரத்த விட்டுட்டு சரிவுல மேல பாருங்கன்னு தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது. அருவிக்குப் போறவங்க எல்லாரும் தண்ணி ஓரமாவே நடக்குறாங்க, அங்க இருக்குறது நீர்மருது, நாவல், புங்கம். நெல்லி கொஞ்சம் மேல காஞ்ச பக்கத்துல நிக்கும்.

அங்க இருக்குற ஊர்க்காரங்க கிட்ட என்னன்னு கேக்குறது?

தடா, நாகலாபுரம் ஆந்திரா. "உசிரி செட்டு", காய்னா "உசிரிகாய"ன்னு கேளுங்க, உடனே கை காட்டுவாங்க. நம்ம வடசென்னையில தெலுங்கு பேசுற குடும்பம் தெருவுக்கு தெரு இருக்கு, கார்த்திகை மாசம் உசிரிகாயில திரி போட்டு விளக்கேத்துறது, துளசி மாடத்துல நெல்லிக் கிளைய நட்டு பூஜை பண்றது எல்லாம் அவங்க வீட்ல இன்னிக்கும் நடக்குது. அந்த வீட்டுப் பாட்டிங்க கிட்ட ஒரு கிளைய காட்டிக் கேட்டாலே போதும், இணுக்க தொட்ட உடனே சொல்லிடுவாங்க. மலையடிவாரத்துல யானாதி மக்கள், நம்ம திருவள்ளூர் பக்கம் இருளர் மக்கள், இவங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு செடி கொடி யாருக்கும் தெரியாது. மரியாதையா கேட்டு, நின்னு காது குடுத்து கேளுங்க, அவசரப்படாதீங்க.

எந்த மாசம் போனா நல்லது?

ஐப்பசி கார்த்திகையில இருந்து மாசி வரைக்கும் காயோட பாக்கலாம், அதாவது அக்டோபர் கடைசியில இருந்து பிப்ரவரி. அதுக்கப்புறம் இலை கொட்டும், மார்ச் ஏப்ரல்ல புது இணுக்கும் பூவும் ஒண்ணா வரும், அப்ப மரத்துக்குக் கீழ நின்னாலே தேனீ சத்தம் கேக்கும். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்துல, ஒரே இணுக்குல கூட இருக்கும். மழைக்காலத்துல ஓடையில திடீர்னு தண்ணி ஏறும், மேல மலையில மழை பெய்யுறது கீழ இருக்குற நமக்கு தெரியாது, கனமழை அறிவிப்பு இருந்தா அந்த வாரம் போகவே வேணாம்.

காட்டு நெல்லியிலயே ரெண்டு வகை இருக்காமே?

ஆமா, இருக்கு. தென்னிந்தியாவோட வறண்ட காட்டுல ஃபில்லாந்தஸ் இண்டோஃபிஷெரின்னு இன்னொரு இனம் இருக்கு, இலை இன்னும் அகலம், காய் கொஞ்சம் பெருசு. சத்தியமங்கலத்துக்கு அந்தாண்ட கர்நாடகாவுல பிலிகிரிரங்கன் மலையில இருக்குற சோளகர் மக்கள் இந்த ரெண்டையும் பிரிச்சு தனித்தனி பேர் வச்சிருக்காங்க, சாதா நெல்லிய நெல்லின்னும் இத இட்டு நெல்லின்னும் சொல்றாங்க. ஆந்திராவோட கிழக்குத் தொடர்ச்சி மலையிலயும் இது உண்டு. அதனால எல்லா அடையாளமும் பொருந்தி இலை மட்டும் அகலமா இருந்தா நெல்லி இல்லன்னு முடிவு பண்ணாதீங்க, இந்த இனமா இருக்கலாம், இலைக்கு பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு போட்டோ எடுத்துட்டு வாங்க.

ஏரி ஓரத்துல நெல்லி மாதிரியே இலை, ஆனா குட்டிக் குட்டியா கருப்புப் பழம். அது என்ன?

அது கரும்பூலா, நீர்ப்பூலான்னும் சொல்வாங்க. நெல்லிக்கு சொந்தம் தான், ஒரே சாதி. செங்குன்றம் ஏரி, புழல் பக்கம், வாய்க்கா ஓரம் எல்லாம் புதரா, வளைஞ்சு வளைஞ்சு படர்ந்து இருக்கும். இலை நெல்லிய விட அகலம், முட்டை வடிவம். பழம் மிளகை விட கொஞ்சம் தான் பெருசு, பழுத்தா கருப்பு, சாறு கையில ஊதா கறை விடும். அதே மாதிரி கிளை நுனியே முள்ளா மாறி, வெள்ளை வெள்ளையா பழம் இருந்தா அது வெள்ளைப்பூலா. வடசென்னையில இருந்துக்கிட்டு நெல்லியோட சொந்தக்காரங்கள காட்டுலயே பாக்கணும்னா இது ரெண்டும் தான் ரொம்ப கிட்ட கிடைக்கிறது.

வீட்டு வாசல்ல செங்கல் இடுக்குல முளைக்குதே, அது நெல்லிக் கன்னா?

அது கீழாநெல்லி, வளர்ந்தாலும் முழங்கால் தாண்டாத பூண்டு, மரம் ஆகாது. இணுக்குக்கு அடிப்பக்கமா கடுகு சைஸ்ல காய் வரிசையா தொங்கும். மழை விட்டா நம்ம தெரு பூரா முளைக்கும். தண்டு செவப்பா, காய் மேல சொரசொரப்பா இருந்தா அது செவப்பு வகை. இலை அடியில குறுகி நுனியில அகலமா, கொஞ்சம் நீலம் கலந்த பச்சையா இருந்தா மேலாநெல்லி, அதோட அறிவியல் பேர்லயே மெட்ராஸ் இருக்கு, ஃபில்லாந்தஸ் மெட்ராஸ்பேட்டென்சிஸ், 1753ல லின்னேயஸ் வச்ச பேரு.

ஒடைச்சா பால் வந்தா அது கீழாநெல்லி இல்ல, அம்மான் பச்சரிசி வகை. நெல்லி சாதியில எதுலயும் பால் வராது, மரத்துக்கும் இதே தான். அப்புறம் ஒரு விஷயம், மஞ்சக்காமாலைக்கு இதைப் பறிச்சு அரைச்சுக் குடிச்சுட்டு டாக்டர்கிட்ட போகாம இருந்துடாதீங்க. காமாலை எதனால வந்துச்சுன்னு ரத்தம் எடுத்துப் பாத்தா தான் தெரியும்.

நெல்லின்னு நெனச்சு விஷத்தை வாயில வச்சுடுவோமோ?

பயம் நியாயமானது. நெல்லியோட அதே குடும்பத்துலயே ஒடுவன்னு ஒரு சின்ன மரம் இருக்கு, ஒடுவந்தழைன்னு கிராமத்துல சொல்லுவாங்க, நம்ம கிழக்குப் பக்கத்து வறண்ட மலைக்காட்டுல நெல்லி இருக்குற மாதிரி இடத்துலயே இருக்கும், இலை உசுரையே எடுக்குற அளவுக்கு விஷம், இதயம், கிட்னி ரெண்டையும் பாதிக்கும். ஆனா அதோட இலை வட்டமா, உள்ளங்கையில பாதி அகலத்துக்கு இருக்கும், காய் மூணு பிரிவா கட்டையா பழுப்பு நிறத்துல இருக்கும், பாத்தா நெல்லிய மாதிரி இருக்காது. எட்டி மரத்துக் காயும் உருண்டை, பழுத்தா ஆரஞ்சு, இலை பெருசு, அடியில இருந்தே மூணு இல்லன்னா அஞ்சு நரம்பு ஓடும். அதுவும் விஷம்.

என் பேச்சு இதுல கண்டிப்பா தான் இருக்கும்: இலைய கடிச்சுப் பாத்து கண்டுபிடிக்கிறேன்னு யாரும் இறங்காதீங்க. கண்ணு, கை, மூக்கு போதும். காய் விஷயத்துலயும் மேல சொன்ன அத்தனை அடையாளமும் சேராம நாக்குல வைக்கவே வேணாம்.

செடிய அடையாளம் காட்டுற ஆப்ல கூஸ்பெர்ரின்னு வருது, ஆனா அதுல காட்டுற செடியில முள்ளு இருக்கே?

அது ஐரோப்பா நெல்லி, ரைபீஸ்ங்குற சாதி, குடும்பமே வேற. ஆளு மார்பு உயரத்துக்கு மேல போகாத புதர், கணுவுக்கு ஒண்ணுல இருந்து மூணு முள்ளு, இலை கையை விரிச்ச மாதிரி மூணு அஞ்சு மடலா பிரிஞ்சிருக்கும், பழத்தோல் வழியா உள்ள ஓடுற நரம்பு கோடு கோடா தெரியும், பழத்து நுனியில காஞ்சு போன பூ ஒட்டிக்கிட்டே இருக்கும். அதுக்கு குளிர் வேணும், இங்கிலாந்துல வேலியோரம் காட்டுத்தனமா வளரும், அந்த வகையோட சொந்தம் இமயமலையில உயரத்துல இருக்கு. நம்ம பக்கத்து மலையில இருக்கவே இருக்காது. ஆப் காட்டுற பேரை விட்டுட்டு, அந்தச் செடி அந்த இடத்துல வளரக்கூடியதான்னு முதல்ல கேளுங்க.

இதே மாதிரி காலி மனையில, ரயில்வே லைன் ஓரத்துல வளர்ற சொடக்கு தக்காளியையும் காட்டு கூஸ்பெர்ரின்னு சொல்லிடுது. நெத்தியில அடிச்சா பட்டுனு வெடிக்குமே, பேப்பர் பை மாதிரி ஒறை போட்டு, உள்ள குட்டித் தக்காளி, அதே தான். அது தக்காளி, கத்திரி குடும்பம். பச்சைக் காய சாப்பிடக் கூடாது.

பாத்த காய பறிச்சுட்டு வரலாமா?

ரிசர்வ் ஃபாரஸ்ட்ல பறிக்கக் கூடாது. சட்டம்னு மட்டும் சொல்லல. 2006ல வந்த வன உரிமைச் சட்டம் காட்டுல வாழ்ற மக்களுக்கு இந்த மாதிரி சிறு வன மகசூலை எடுக்குற உரிமைய குடுத்திருக்கு, அவங்களுக்கு அது ஒரு சீசன் வருமானம், நாம வாரக்கடைசியில போய் பை நிறைய அள்ளிக்கிட்டு வந்தா அது அவங்க கஞ்சியில கை வைக்கிறது. மானுக்கும் அது சாப்பாடு. புள்ளிமான் கீழ விழுந்த காய முழுங்கிட்டு, வேற இடத்துல படுத்து அசை போடும்போது கொட்டைய மட்டும் துப்பும், புது நெல்லி முளைக்கிறது அப்படித்தான். நிழல்ல மான் படுத்த இடத்துல சுத்தமா நக்கின மாதிரி நெல்லிக்கொட்டை கும்பலா கெடந்தா பக்கத்துல எங்கயோ மரம் நிக்குதுன்னு அர்த்தம்.

கிளைய ஒடைச்சு காய் பறிக்கிறது தான் எனக்கு தாங்கவே முடியாத விஷயம். அடுத்த வருஷ இணுக்கு எல்லாம் அந்தக் கிளையில தான் வரணும், ஒடைச்சா அவ்வளவு தான். நாகலாபுரமோ தடாவோ, உள்ள போறதுக்கு முன்னாடி வனத்துறை கிட்ட கேட்டு அனுமதியோட போங்க. நம்ம தமிழ்நாட்டுப் பக்கம்னா 2024ல ஆரம்பிச்ச ட்ரெக் தமிழ்நாடு வழியா கைடோட போகலாம், குடியம் குகை ரூட்டும் அதுல இருக்கு.

ஒரே மரத்துல ரெண்டு விதமான இலை இருந்துச்சு, ஒண்ணு சின்னது, ஒண்ணு தடியா பெருசா. ரெண்டும் நெல்லியா?

தடியா இருக்குறது புல்லுருவி. கிளைக்குள்ள வேரை விட்டு மரத்தோட தண்ணியையும் சத்தையும் உறிஞ்சும், பறவைங்க அதோட பழத்த தின்னு கொட்டைய கிளையில தேய்ச்சு பரப்பும். காட்டு நெல்லிக்கு இது பெரிய கேடு, பிலிகிரிரங்கன் மலையில புல்லுருவி ஏறின நெல்லி மரங்க காய் குறைஞ்சு, சிலது செத்தே போகுதுன்னு பல வருஷமா கவனிச்சிட்டு வர்றாங்க. நீங்க அடையாளம் பாக்கும்போது சின்ன இலை இருக்குற கிளைய மட்டும் பாருங்க.

தண்டையார்பேட்டை மார்க்கெட்ல "மலை நெல்லி"ன்னு கூறு கட்டி விக்கிறாங்களே, நிஜமாவே மலைதானா?

சில சமயம் நிஜம், சில சமயம் ஒட்டு மரத்துல கழிஞ்ச பொடிக் காய். கூறுல எல்லாம் ஒரே சைஸ், ஒரே நிறம், ஒரே பளபளப்புன்னா தோட்டத்துக் காயா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. காட்டுக்காய்ல ஒண்ணு பச்சை, ஒண்ணு மஞ்சள், ஒண்ணு தழும்பு, சைஸும் கலந்து இருக்கும், ஏன்னா ஒவ்வொரு மரமும் தனித்தனி கொட்டையில இருந்து வந்தது. ஒண்ணு வாங்கி கடிச்சுப் பாருங்க, சதை கம்மி, கொட்டை பெருசு, நார் பல்லுல மாட்டும். விக்கிற அம்மா கிட்ட எந்த ஊர்க்காய்னு கேட்டாலே சொல்லிடுவாங்க, அவங்களுக்கு தெரியும்.

அந்தக் கொட்டையப் போட்டு மொட்டைமாடியில வளர்க்கலாமா?

தாராளமா. கொட்டைய அப்படியே புதைச்சா முளைக்க ரொம்ப நாளாகும், வெயில்ல காய வைங்க, தானா வெடிச்சு விதை வெளிய தெறிக்கும், மேல ஒரு துணி போட்டு மூடி வைங்க இல்லன்னா மாடி பூரா தேட வேண்டி வரும். விதைய ஒரு நாள் தண்ணியில ஊற வச்சு, மிதக்குறத தூக்கிப் போட்டுட்டு, மூழ்கினத மட்டும் மணல் கலந்த மண்ணுல மேலாப்புல விதைங்க. நெல்லி ஓரளவு உப்பு மண்ணையும் தாங்கும், நம்ம ஏரியாவுக்கு அது நல்ல விஷயம், ஆனா வேர்ல தண்ணி தேங்குனா அழுகிடும், அதனால தொட்டி ஓட்டை அடையாம பாத்துக்கணும். காய்க்க பல வருஷம் எடுக்கும், ஒத்தை மரத்துல காய் கம்மியா தான் புடிக்கும், பக்கத்து மாடியிலயும் ஒண்ணு வைக்க சொல்லுங்க.